ஸ்லோ குக்கர் வாங்கப் போறீங்களா? ஒரு நிமிஷம்!

கல்யாண நாள், தீபாவளி போனஸ், ஆன்லைன் தள்ளுபடி... இந்த மூன்றில் ஒன்று வந்தால் போதும், குடும்பத் தலைவருக்குத் திடீரென்று சமையலறை மேல் பாசம் பொங்கிவிடும். தாம்பரம், சேலையூர், மேடவாக்கம் பக்கத்து ஃபிளாட்டுகள் சிலவற்றில் இந்தப் பாசத்தின் புது வடிவம் ஸ்லோ குக்கர். அதுவும் சின்னது இல்லை. ஆறு லிட்டர், ஆறரை லிட்டர்! "காலையில எல்லாத்தையும் உள்ளே போட்டு சுவிட்சைத் தட்டிட்டு ஆபீஸ் கிளம்பு. சாயங்காலம் வந்தா சாப்பாடு ரெடி. உனக்கு வேலையே இல்லை" என்று மனைவியிடம் பெருமையாகச் சொல்வார். சொல்பவர் அதுவரை ஒரு வெங்காயம்கூட உரித்தவராக இருக்க மாட்டார் என்பது வேறு விஷயம்.

வேறு விஷயமா? இல்லை. அதுதான் விஷயமே.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம், சஸ்பென்ஸ் எல்லாம் வேண்டாம். நாலு பேர் இருக்கிற தாம்பரம் வீட்டுக்குப் பெரிய ஸ்லோ குக்கர் தேவையில்லை. "வெள்ளைக்காரன் பாத்திரம் நமக்கு ஒத்துவராது" என்று சில பெரியவர்கள் சொல்வார்களே, அந்தக் காரணத்துக்காக இல்லை. அந்தக் காரணம் பார்த்தால் பிரஷர் குக்கரும் வெள்ளைக்காரன் பாத்திரம்தான். ஸ்லோ குக்கர் குறைப்பதாகச் சொல்கிற வேலை, இந்த ஊர் அடுப்படியில் இருக்கிற வேலையே இல்லை. அதனால்தான் வேண்டாம்.

இது யார் வீட்டுப் பானை?

ஒரு கருவியைத் திட்டுவதற்கு முன் அதன் பூர்வீகத்தைத் தெரிந்துகொள்வது மரியாதை. அமெரிக்காவில் சிகாகோவைச் சேர்ந்த இர்விங் நாக்சன் என்ற யூதப் பொறியாளர்தான் இதன் தந்தை. 1940ல் காப்புரிமை கிடைத்தது. யோசனை வந்தது அவருடைய அம்மா சொன்ன கதையிலிருந்து. லிதுவேனியாவில் அவருடைய குடும்பத்தார் இருந்த ஊரில், வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்கு முன் பீன்ஸ், இறைச்சி, தானியம் எல்லாவற்றையும் ஒரு பானையில் போட்டு ரொட்டிக்கடைக்கு எடுத்துப் போவார்களாம். அணைந்த அடுப்பின் மிச்சச் சூட்டில் ராத்திரி முழுக்க அது வேகும். சனிக்கிழமை ஓய்வு நாள், நெருப்பு மூட்டக் கூடாது. ஆனால் சூடாகச் சாப்பிட வேண்டும். சோலன்ட் என்று பெயர் அந்தச் சாப்பாட்டுக்கு.

அந்த ரொட்டிக்கடை அடுப்பைத்தான் நாக்சன் மின்சாரத்தில் செய்தார். 1970ல் ரைவல் என்ற நிறுவனம் அவருடைய கம்பெனியை வாங்கியது. அடுத்த வருடம் கிராக்-பாட் என்ற பெயரில் கடைக்கு வந்தது. அமெரிக்கப் பெண்கள் பெரும் எண்ணிக்கையில் வேலைக்குப் போகத் தொடங்கியிருந்த காலம். சமைப்பவர் வெளியே போனாலும் பானை பார்த்துக்கொள்ளும் என்று விளம்பரம் செய்தார்கள். பிய்த்துக்கொண்டு போனது.

கேலி செய்ய இதில் ஒன்றுமே இல்லை. அருமையான கண்டுபிடிப்பு. ஆனால் மூன்று விஷயங்களை நம்பித்தான் அது நிற்கிறது. ஒன்று, சாப்பாடு மொத்தமும் ஒரே பானையில் முடிய வேண்டும். இரண்டு, நாளின் முக்கியமான சாப்பாடு இரவில் இருக்க வேண்டும். மூன்று, கரண்ட் போகக் கூடாது. இந்த மூன்றில் ஒன்றாவது தாம்பரத்தில் உண்டா?

கடிகாரம் தலைகீழ்

ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். கணவன், மனைவி, பள்ளிக்கூடம் போகும் பையன், வயதான மாமியார். கணவன் தாம்பரத்தில் ஏழு மணி லோக்கல் வண்டியைப் பிடித்து பாரிமுனை போக வேண்டும். மனைவிக்கு ஓ.எம்.ஆர். பக்கம் வேலை. கம்பெனி பஸ் ஏழரைக்கு வந்துவிடும். பையனின் வேன் ஏழே முக்காலுக்கு. இந்த வீட்டில் சமையல் எத்தனை மணிக்கு முடிய வேண்டும்? காலை ஆறரைக்கு! இட்லியோ தோசையோ டிபன், அதற்குச் சட்னி, மூன்று டப்பாவில் மதியச் சாப்பாடு, மாமியாருக்கு உப்பு குறைத்து ஒரு குழம்பு. எல்லாம் ஆறரைக்குள்.

சாயங்காலம் நிலைமை வேறு. ராத்திரிக்கு மாவு இருந்தால் தோசை, இல்லாவிட்டால் சப்பாத்தி. அதுவும் இல்லாவிட்டால் மிச்சச் சாதத்தில் மோர். நாள் முழுக்க வெந்த ஆறு லிட்டர் குழம்பு சாயங்காலம் ஆறு மணிக்குத் தயாராகி யாருக்காகக் காத்திருக்கிறது?

"ராத்திரியே போட்டுவிட்டால் காலையில் ரெடியாகிவிடுமே?" என்று ஒரு புத்திசாலி கேட்பார். கேட்கட்டும். ராத்திரி பத்து மணிக்கு ஸ்லோ குக்கரில் அரிசி போட்டால் காலை ஆறு மணிக்குக் கிடைப்பது சாதம் இல்லை, கஞ்சி. காய்கறி போட்டால் முருங்கைக்காய் எது, கத்தரிக்காய் எது என்று தெரியாத கூழ். வத்தக்குழம்பு சுண்ட வேண்டும். மூடியை இறுக்கி மூடி ஆவியை வெளியே விடாத பாத்திரத்தில் அது எப்படிச் சுண்டும்? தாளிப்பதற்குத் தனியாகக் கரண்டி, தனியாக அடுப்பு. தேங்காய் அரைத்து விடுவதற்குத் தனியாக மிக்சி. கடைசியில் பார்த்தால் பானை ஒன்று கூடியிருக்கிறது, வேலை அப்படியே இருக்கிறது.

பருப்பு, புளி, தண்ணீர்

சாம்பார் மட்டுமாவது வருமா? வரும், ஆனால் கேட்டுக்கொண்டு வராது.

பிரஷர் குக்கரும் ஸ்லோ குக்கரும் நேர் எதிரான இரண்டு யோசனைகள். 1679ல் டெனிஸ் பாப்பின் என்ற பிரெஞ்சுக்காரர் செய்து காட்டியது முதல் வகை. ஆவியை அடைத்து அழுத்தத்தை ஏற்றினால் தண்ணீர் 100 டிகிரியில் கொதிப்பதற்குப் பதில் 120 டிகிரிக்குப் பக்கத்தில் கொதிக்கும். ஸ்லோ குக்கரோ கொதிநிலைக்குக் கொஞ்சம் கீழேயே மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கும். கடினமான இறைச்சிக்கு அந்த நிதானம் நல்லது. இறைச்சியில் இருக்கிற நாரும் ஜவ்வும் மெதுவாகக் கரைந்து குழையும்.

துவரம்பருப்பின் பிரச்சினை வேறு. அதற்குத் தேவை நல்ல சூடு. அதோடு கெட்ட சகவாசமும் கூடாது. புளிப்பு அதற்கு ஆகாது. ஆரம்பத்திலேயே புளித்தண்ணீரையோ நிறைய தக்காளியையோ சேர்த்தால் பருப்பு குழையாமல் முறைத்துக்கொண்டு நிற்கும். உப்புத் தண்ணீரும் ஆகாது. தென்சென்னைப் புறநகரில் பல வீடுகளில் போர் தண்ணீர்தான், குழாய் முனையில் வெள்ளையாகப் படிகிற தண்ணீர். அதில் இருக்கிற கால்சியம் பருப்பை இறுக்கிப் பிடிக்கும். கேன் தண்ணீரில் பருப்பு வேக வைக்கிற வீடுகள் இருப்பது ஜம்பத்துக்காக இல்லை. ஆக "எல்லாத்தையும் உள்ளே போட்டு சுவிட்சைத் தட்டு" என்ற அந்த ஒற்றை வரிதான் சாம்பாருக்குப் பொருந்தாத வரி. முதலில் பருப்பு, பிறகு காய், பிறகு புளி, கடைசியில் தாளிப்பு. ஒவ்வொன்றுக்கும் ஒருவர் அங்கே நிற்க வேண்டும்.

இதே பருப்பு பிரஷர் குக்கரில் நாலு விசில். முடிந்தது கதை.

வேலை எங்கே இருக்கிறது?

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். பொரியலுக்குப் பீன்ஸ் நறுக்குவது, கீரை ஆய்வது, சின்ன வெங்காயம் உரிப்பது, தேங்காய் துருவுவது, பூண்டு, இஞ்சி, மாவு ஆட்டுவது, டப்பா கழுவுவது, டப்பா கட்டுவது, நாளைக்கு என்ன என்று யோசிப்பது... இதில் எத்தனை வேலையை ஸ்லோ குக்கர் செய்யும்? பூஜ்யம். அது செய்வது ஒரே ஒரு வேலை. அடுப்பில் வைத்ததை வேக வைப்பது. அந்த வேலையை பிரஷர் குக்கர் எப்போதோ இருபது நிமிடமாகச் சுருக்கிவிட்டது. குறைந்த நேரத்தை எடுக்கிற வேலைக்கு அதிக விலையில் ஒரு மிஷின்!

அடுப்படி வேலை எங்கே இருக்கிறது என்பது யாருக்குத் தெரிந்ததோ இல்லையோ, தமிழ்நாட்டு அரசியலுக்குத் தெரிந்திருந்தது. 2006 தேர்தலில் கலர் டிவி. 2011 தேர்தலில் மிக்சி, கிரைண்டர், மின்விசிறி. இலவசங்களைப் பற்றி ஆயிரம் சண்டை போடலாம், போடட்டும். ஆனால் அந்த இரண்டாவது பட்டியலைப் போட்டவருக்கு வீட்டில் எந்த வேலை இடுப்பை ஒடிக்கிறது என்று தெரிந்திருக்கிறது. அம்மியும் ஆட்டுக்கல்லும்தான் அது. வேக வைப்பதற்கு யாரும் மிஷின் கேட்கவில்லை. கோயம்புத்தூரில் கிரைண்டர் பிறந்து ஊர் ஊராகப் பரவியதற்கும் இதே காரணம்தான்.

இனி ஒரு கணக்கு. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019ல் இந்தியா முழுக்க ஓர் ஆய்வு நடத்தியது. யார் எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் செலவழிக்கிறார்கள் என்று. சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிடம் அதற்குச் செலவழிக்கிறார். ஆண் 97 நிமிடம். கவனிக்க, இது வேலையில் ஈடுபடுகிற ஆணின் கணக்கு. அப்படி ஈடுபட்டவர் ஏறக்குறைய நாலில் ஒருவர்தான்! மற்ற மூன்று பேர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்கள் போலிருக்கிறது.

2024ல் மறுபடி அதே ஆய்வு. பெண்ணுக்கு 289 நிமிடம். ஆணுக்கு 88. ஐந்து வருடத்தில் பெண்ணுக்குக் குறைந்தது 10 நிமிடம். ஆண் அந்தப் பத்து நிமிடத்தை வாங்கிக்கொண்டாரா என்றால் இல்லை, அவருக்கும் 9 நிமிடம் குறைந்திருக்கிறது. :-)

இந்த 289 நிமிடத்தின் பக்கத்தில் ஸ்லோ குக்கரை வைத்துப் பார்க்க வேண்டும். பரிசுப் பொட்டலத்தில் சுற்றி வருகிற அந்தப் பாத்திரம் உண்மையில் சொல்வது என்ன? "உன் வேலையில் பங்கு கேட்காதே, இந்தா மிஷின்." இதைத்தான் சொல்கிறது. வாங்கிக் கொடுத்தவருக்கு ஆயுசு முழுக்க ஒரு வசனமும் கிடைத்துவிடுகிறது: "அதான் அவ்வளவு காசு போட்டு வாங்கித் தந்தேனே, இன்னும் என்ன கஷ்டம்?"

ஆறு லிட்டர் என்றால் எவ்வளவு?

"வாங்குவதே வாங்குகிறோம், பெரிதாக வாங்கிவிடுவோம்" என்பது நம் ஊர் வேதவாக்கு. பள்ளிச் சட்டையிலிருந்து பீரோ வரை அதே கதை. வளர்கிற பிள்ளைக்குச் சட்டை பெரிதாக வாங்கலாம். ஸ்லோ குக்கருக்கு அந்த நியாயம் செல்லாது.

காரணம், அதைப் பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு வரை நிரப்ப வேண்டும் என்பது பொதுவான விதி. குறைவாகப் போட்டால் சீக்கிரம் வெந்து ஓரத்தில் தீயும். நிறைத்துப் போட்டால் நடுவில் சூடு ஏற நேரமாகும். அப்படியானால் ஆறு லிட்டர் பானையில் குறைந்தது மூன்று லிட்டர் சமைத்தே ஆக வேண்டும். மூன்று லிட்டர் சாம்பார்! நாலு பேர், தலைக்கு இரண்டு கரண்டி. நாலு நாளைக்கு வரும். முதல் நாள் சாம்பார், இரண்டாம் நாள் பழைய சாம்பார், மூன்றாம் நாள் சண்டை. நாலாம் நாள் கீழ் வீட்டு நாய்க்கு.

பானையோ பீங்கான். வெறும் பானையே மூன்று நாலு கிலோ இருக்கும், குழம்போடு சேர்த்தால் ஒரு கைக்குழந்தை எடை. சூடாக இருக்கும்போது பச்சைத் தண்ணீர் பட்டால் விரிசல் விடலாம். அதனால் ஆறுகிற வரை காத்திருந்து கழுவ வேண்டும். இரண்டு தட்டு வைத்தால் நிறைகிற ஃபிளாட் சிங்க்கில் அதைப் புரட்டிக் கழுவுவது யார்? மறுபடி அதே ஆள்தான். லாரித் தண்ணீர் வாங்கிக் குடித்தனம் செய்கிற அடுக்குமாடிகளில் இந்தக் கழுவலுக்கும் ஒரு விலை உண்டு. மேடையில் ஏற்கெனவே அடுப்பு, மிக்சி, கிரைண்டர், தண்ணீர் கேன். இது உட்கார இடம் எங்கே? மூன்றாவது மாதம் பரண் மேலேதான்.

கரண்ட் போனால்?

செலவைப் பற்றி முதலில் நியாயமாகப் பேசிவிடலாம். பெரிய ஸ்லோ குக்கர் சுமார் 200 வாட் இழுக்கிறது என்று வைத்தால் எட்டு மணி நேரத்துக்கு 1.6 யூனிட். குடி முழுகிற கணக்கு இல்லை. ஆனால் ஒன்று விட்டு ஒரு நாள் போட்டால் இரண்டு மாதத்துக்கு 48 யூனிட். 2016லிருந்து வீடுகளுக்கு முதல் 100 யூனிட் இலவசம், அதில் கிட்டத்தட்ட பாதியை இந்தப் பானை சாப்பிட்டுவிடும். மே மாதத்தில் ஏசி ஓடி 500 யூனிட்டைத் தொட்டுக்கொண்டிருக்கிற வீட்டில் அந்த 48 எல்லைக்கோட்டைத் தாண்ட வைக்கும், தாண்டினால் கட்டணப் படியே மாறிவிடும். யூனிட்டுக்கு இவ்வளவு என்று வீட்டுக்காரரே வசூலிக்கிற வாடகை வீடுகளில் இலவசமும் இல்லை, ஒன்றும் இல்லை.

பணம் போனால் போகட்டும். வயிறு?

செய்தித்தாளில் "நாளைய மின்தடை" என்று ஒரு பெட்டி வருமே, மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 முதல் மதியம் 2 வரை என்று. தாம்பரம், பல்லாவரம், சேலையூர் என்று அதில் நம் ஊர்ப்பெயர்கள் முறை வைத்து வரும். வீட்டில் எல்லோரும் எட்டு மணிக்குள் கிளம்பியாயிற்று. ஒன்பது மணிக்குக் கரண்ட் போகிறது. உள்ளே கோழி பாதி சூடாகியிருக்கிறது. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் உள்ள சூடுதான் கிருமிகளுக்குக் கொண்டாட்டம். ஐந்து மணி நேரம் அப்படியே கிடக்கும். இரண்டு மணிக்குக் கரண்ட் வந்து மறுபடி கொதித்து, சாயங்காலம் திறந்தால் கமகமவென்று வாசனை! ஒன்றும் நடக்காத மாதிரி. ஆள் இல்லாத நேரத்தில் கரண்ட் போயிருந்தால், பார்க்க வெந்த மாதிரி இருந்தாலும் கொட்டிவிடச் சொல்கிறது அமெரிக்க வேளாண் துறை. சில கிருமிகள் விட்டுப் போகிற நச்சு மறுபடி கொதிக்க வைத்தாலும் போகாது. நம் ஊரில் அரைக் கிலோ கோழியைக் கொட்ட யாருக்கு மனசு வரும்?

2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரும் வரதராஜபுரமும் எப்படி இருந்தன, 2016 வர்தா, 2023 மிக்ஜாம் புயல்களில் எத்தனை நாள் கரண்ட் இல்லாமல் கிடந்தது என்பதெல்லாம் இந்தப் பக்கத்தாருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்த நாட்களில் சோறு போட்டது சிலிண்டரும் விசில் குக்கரும்.

இன்னொரு ஆபத்து கரண்ட் இருக்கும்போதே உண்டு. சிவப்பு ராஜ்மா. அதில் பைட்டோஹீமக்ளூட்டினின் என்ற நச்சுப் பொருள் இயற்கையிலேயே இருக்கிறது. சரியாக வேகாத நாலைந்து கொட்டை போதும், வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். ஊற வைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் தளதளவென்று குறைந்தது பத்து நிமிடமாவது கொதித்தால்தான் அது அழியும். அரை மணி நேரம் கொதிக்க வைக்கச் சொல்பவர்களும் உண்டு. கொதிக்காமல் 80 டிகிரி வாக்கில் வெந்தால் நச்சு குறைவதற்குப் பதில் கூடவும் செய்யலாம். ஸ்லோ குக்கரில் வெந்த பீன்ஸின் உள்ளே சூடு 75 டிகிரியைக்கூடத் தாண்டவில்லை என்று அளந்து பார்த்திருக்கிறார்கள். பிரஷர் குக்கரில் இந்தக் கவலையே இல்லை. இதைக் கடைக்காரர் சொல்ல மாட்டார், விளம்பரமும் சொல்லாது. தெரியாமல் வாங்குகிறவர் ராஜ்மாவைத்தான் முதலில் போட்டுப் பார்ப்பார்!

அமெரிக்காவிலிருந்து வந்த பெட்டி

இன்னொரு கோஷ்டி கடையில் வாங்காது. மீனம்பாக்கத்தில் இறங்குகிற பெட்டியில் வரும். கலிபோர்னியா அண்ணன் அன்போடு கொண்டுவந்தது, பெட்டியில் பாதியை அடைத்துக்கொண்டு. அன்பு சரி. ஆனால் அது 120 வோல்ட் பாத்திரம். இங்கே 230. பின்னை மாற்றி நேராகச் சொருகினால் மின்னழுத்தம் இரண்டு மடங்கு, சூடு கிட்டத்தட்ட நாலு மடங்கு. 250 வாட் பானை 900 வாட்டுக்கு மேல் இழுக்கும். ஸ்லோ குக்கர் ஃபாஸ்ட் குக்கர் ஆகி, அப்புறம் புகைக் குக்கர் ஆகும். ரிச்சி தெருவில் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் கிடைக்கும், அதற்கும் ஒரு விலை, அதுவும் மேடையில் ஓர் இடம். அண்ணனிடம் அடுத்த முறை பாதாம் பருப்பு மட்டும் கேட்பது உத்தமம்.

"ஆனால்..." என்பவர்களுக்கு

"ஆட்டுக்கால் பாயா?" நியாயமான கேள்வி. எலும்பு ரசம், பாயா, நெஞ்செலும்பு சூப்... இதெல்லாம் ஸ்லோ குக்கரில் நன்றாகவே வரும், மறுக்க முடியாது. மாதத்துக்கு எத்தனை முறை பாயா? இரண்டு? அந்த இரண்டு முறைக்கு ஆறு லிட்டர் எதற்கு? நாலு பேருக்கு மூன்று, மூன்றரை லிட்டர் தாராளம். ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் ஆள் இருக்கும்போது போடலாம். ஆசை அடங்காதவர்கள் அதோடு நிறுத்திக்கொள்ளட்டும்.

"கூட்டுக்குடும்பம், பத்துப் பேர்?" அப்படியானால் ஆறு லிட்டர் போதாது, அடுக்குப் பாத்திரம் வேண்டும். பத்துப் பேர் இருக்கிற வீட்டில் வேக வைக்க மிஷின் வேண்டாம், நறுக்க ஆள் இருக்கிறது.

"கேம்ப் ரோட்டில் ரூம் எடுத்துத் தங்கியிருக்கும் காலேஜ் பசங்க? கேஸ் கனெக்‌ஷன் கிடையாதே?" அவர்களுக்கும் ஸ்லோ குக்கர் தப்பான பதில். சாதமும் வர வேண்டும், பருப்பும் வேக வேண்டும், முட்டையும் அவிய வேண்டும் என்றால் சாதாரண எலக்ட்ரிக் ரைஸ் குக்கர் போதும். அது கொதிக்கும். அரை மணியில் முடியும். எட்டு மணி நேரம் காத்திருக்கப் பசிக்கிற வயசுக்குப் பொறுமை ஏது?

"மெதுவாகச் சமைத்தால்தான் ருசி, நம் பாரம்பரியமே அதுதான்!" என்று வருவார்கள் கடைசியாக. பாரம்பரியம் என்று சொன்னால் எதையும் விற்றுவிடலாம் என்ற நினைப்பு. சரி, மெதுவான சமையல் நமக்குப் புதுசா? விறகடுப்புக்குப் பக்கத்திலேயே கொடியடுப்பு என்று ஒன்று இருந்தது. பெரிய அடுப்பில் எரிகிற நெருப்பின் சூடு உள்வழியாக அதற்குப் போகும். தனி விறகு கிடையாது. குழம்பை இறக்கி அதன் மேல் வைத்தால் கடைசி வரை தளதளத்துக்கொண்டிருக்கும். கும்முட்டி அடுப்பில் கரியைப் போட்டுப் பால் காய்ச்சினார்கள். கல்சட்டியில் வைத்த வத்தக்குழம்பு அடுப்பை அணைத்த பிறகும் கொதிக்கும். இதெல்லாம் ஏற்கெனவே இருக்கிற சூட்டைச் சேமித்த வித்தைகள். எட்டு மணி நேரம் புதுச் சூட்டைக் காசு கொடுத்து வாங்கவில்லை.

பிறகு என்னதான் வாங்குவது?

அந்த வித்தையின் இன்றைய வாரிசு கடையில் கிடைக்கிறது. பெயர் தெர்மல் குக்கர். கேரளத்தில் மட்டை அரிசி வடிக்கும் வீடுகளில் சர்வசாதாரணம். உள்ளே ஒரு பாத்திரம், வெளியே சூடு போகாத ஒரு டப்பா, பெரிய பிளாஸ்க் மாதிரி. அரிசியையோ ஊறிய கடலையையோ அடுப்பில் நன்றாகக் கொதிக்க விட்டு, பாத்திரத்தோடு தூக்கி டப்பாவுக்குள் வைத்து மூடினால் மீதியை அதுவே பார்த்துக்கொள்ளும். கரண்ட் வேண்டாம், பிளக் வேண்டாம், அடிப்பிடிக்காது. ஒரே எச்சரிக்கை: சூடு மெதுவாக இறங்கிக்கொண்டேதான் இருக்கும். காலையில் வைத்ததை ராத்திரிக்கு எடுக்கக் கூடாது, இரண்டு மூன்று மணி நேரத்தில் எடுத்துவிட வேண்டும். மேற்குத் தாம்பரம் சண்முகம் ரோட்டிலோ குரோம்பேட்டை ஜி.எஸ்.டி. ரோட்டிலோ உள்ள பாத்திரக்கடைகளில் கேட்டுப் பார்க்கலாம். வாங்கும்போதும் ஒரு கிலோ அரிசி சைஸ் என்று ஆசைப்படாமல், வீட்டில் ஒரு வேளைக்கு எவ்வளவு அரிசி வடிக்கிறார்களோ அந்த அளவுக்கு வாங்கினால் போதும்.

ஆனால் அதையும் பரிசுப் பொட்டலத்தில் சுற்றி, "உனக்கு வேலையே இல்லை" என்று வசனம் பேசிக் கொடுப்பதாக இருந்தால் வாங்கவே வேண்டாம்.

ராஜகீழ்ப்பாக்கம் வீட்டுக்குத் திரும்பலாம். காலை ஐந்து மணி. அந்த வீட்டில் இப்போது ஒரு விளக்குதான் எரிகிறது, அடுப்படி விளக்கு. ஆறு லிட்டர் பானை வந்தாலும் அதே ஒரு விளக்குதான் எரியும். ராத்திரியே காயை நறுக்கி வைப்பது கணவன் வேலை, தேங்காய் துருவுவது பையன் வேலை, டப்பா கழுவுவது முறை வைத்து என்று ஒரு காகிதத்தில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினால் செலவு ஒரு ரூபாய். 289 நிமிடத்தில் ஓர் அறுபது நிமிடமாவது அன்றைக்கே குறையும். கரண்ட் போனாலும் குறையும்.

அதைச் செய்ய மனசில்லாதவர்தான் ஸ்லோ குக்கரில் எத்தனை லிட்டர் நல்லது என்று கேட்டுக்கொண்டிருப்பார்.